புதுநன்மைக்கு முன்னால் ஒரு வக்கீல்

தங்கை மகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுக்கப் போயிருந்தோம். தையல்காரம்மா பிள்ளையின் முதுகில் டேப்பை வைத்துக்கொண்டே, "வெளிம்புல மடிச்சு விட்டுருதேன் என்னா? வளருத பிள்ள. பெறவு பிரிச்சு விட்டுக்கிடலாம்" என்று சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது.

தங்கையின் கொழுந்தன். பெரியதாழைக்காரர். வளைகுடாவில் வேலை, ஆறு மாத லீவில் வந்திருந்தார். எப்போது பேசினாலும் முதல் வார்த்தை தோத்திரமாகத்தான் இருக்கும்.

"ஏசுவுக்குப் புகழ் அக்கா. கவுன் தச்சாச்சா? புதுநன்மைக்கு நாங்க எல்லாரும் வந்துருதோம். மறுநாளே பிள்ளைய எங்ககூட அனுப்பிருங்க. பாஸ்போர்ட்டுக்கு எல்லாம் தயார். ஒரே ஒரு பேப்பர்தான் வரணும். அதுவும் வந்துரும்."

"என்ன பேப்பர் தம்பி?"

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஜெபம் பண்ணிக்கிடுங்க."

போனை வைத்துவிட்டார். தையல்காரம்மா டேப்போடு நின்றபடி, "எவ்வளவுக்கா மடிக்கணும், ரெண்டு இஞ்சா, மூணு இஞ்சா?" என்று கேட்டாள்.  அந்த மடிப்பைப் பிரித்து விடப்போகிற கை யாருடைய கை என்று எனக்கு அந்த நிமிஷம் தெரியவில்லை. புதுநன்மைக்கு ஐந்து வாரம் இருந்தது.

பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. அவள் அப்பா துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து மூட்டை மேலே விழுந்து இறந்துபோனார். இரண்டு வருஷம் கழித்து என் தங்கையும் வயிற்றில் வந்த கட்டியில் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே பிள்ளையின் கையை என் கையில் வைத்து, "நீதானக்கா இவளுக்கு ஞானத்தாய்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை என்று நாங்கள் இரண்டு பேருமே நம்பினோம்.

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். ஞானஸ்நானத் தொட்டியருகில் அந்தப் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றது நான். சாமியார் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளுக்குப் பதிலாக "விசுவசிக்கிறேன்" என்று சொன்னது நான். கோவில் பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாவிட்டால் பிள்ளை ஞானத்தாய்க்குத்தான் என்று எங்கள் கடற்கரையில் எல்லாரும் சொல்வோம். அரசாங்கத்துக்கும் அது தெரிந்திருக்கும் என்றே இருந்துவிட்டேன்.

கொழுந்தன் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணன் பிள்ளைமேல் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் மனைவி ஈஸ்டருக்கு வந்தபோது நடந்தது ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒரு வயதுகூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் தங்கை மகளின் இரண்டு கையையும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கை நல்லா வலுவாத்தான் இருக்கு. அங்கன வெளியாள நம்பி பிள்ளைகள விட முடியலக்கா. நம்ம பிள்ளைன்னா ஒரு தைரியம்" என்றாள். சந்தையில் மீன் பார்க்கிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிள்ளை கையை உருவிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். போனில் கேட்டதைச் சொன்னதும், "ஏளா, ஒன் ஞானத்தாய் கணக்கெல்லாம் அந்தோனியார் கோர்ட்டுலதான் எடுபடும். ஒரு வக்கீலப் போய்ப் பாரு" என்றார்.

"வக்கீல எங்க போய்ப் பாக்க? காய்கறியா, சந்தைக்குப் போய் வாங்கிட்டு வர?"

"கடைக்கார அண்ணாச்சிட்டக் கேளு. அவருக்குத் தெரியாத ஆளு ஊருல உண்டா?"

உண்மைதான். எங்கள் தெருவில் யாருக்கும் வக்கீலைத் தெரியாது. பாட்டுக்குழுவைத் தெரியும், பந்தல்காரரைத் தெரியும், சவப்பெட்டி செய்கிறவரைத் தெரியும். வக்கீல் தேவைப்பட்டதில்லை, அல்லது தேவைப்பட்டது என்று தெரியாமல் இருந்திருக்கிறோம்.

அண்ணாச்சி கை காட்டியது கோர்ட்டுக்கு எதிரே மெஷின் வைத்து டைப் அடிக்கிற ஒருவரை. நான் சொன்னதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "கார்டியன் அபிடவிட் தானம்மா? தினம் பத்து அடிக்கேன்" என்று கடகடவென்று முத்திரைத்தாளில் அடித்து, பக்கத்து மாடியில் சீல் வாங்கித் தந்துவிட்டார். "இனி அந்தப் பிள்ளைய எமனே வந்தாலும் ஒங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போணும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தாளை மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மறுவாரம் பள்ளிக்கூடத்து சிஸ்டரிடம் அதைக் காட்டினேன். தலைமையாசிரியை அவர்கள்தான். கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்துவிட்டு, "இது நீங்களே ஒங்களுக்கு எழுதிக்கிட்ட பேப்பர்மா. பிள்ளைக்குக் காய்ச்சல்னா லீவு லெட்டருல கையெழுத்துப் போடலாம். பிள்ளைய யாரும் கூட்டிட்டுப் போகாமத் தடுக்கணும்னா கோர்ட் ஆர்டர் வேணும்" என்றார்கள். "நல்ல மனுஷர் ஒருத்தர் இருக்கார், போய்ப் பாருங்க" என்று ஒரு வக்கீலின் முகவரியையும் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த வக்கீலய்யா நல்ல மனுஷர்தான். இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்வேன். அறுபது வயதிருக்கும். மேசையில் சின்னச் சிலுவை. என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மையூற்றுப் பேனாவால் நிதானமாக எழுதினார். பிள்ளையை நாங்கள் வீட்டில் கூப்பிடுகிற பெயர், வயது, தாய் தகப்பன் இறந்தது, எந்தப் பள்ளிக்கூடம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"பிள்ளையக் கேக்குறது யாரும்மா? பேரு, ஊரு?"

கொழுந்தனின் பெயரைச் சொன்னேன். பெரியதாழை என்றேன்.

பேனா நின்றது. அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எழுதியிருந்தார். மூன்றாவதை எழுதவில்லை. மூடியை எடுத்துப் பேனாவை மூடினார். 

"அம்மா, இந்த வழக்க நான் எடுக்க முடியாது."

"ஏன்யா?"

"காரணம் கேக்காதீங்க. இதுக்கு மேல என்கிட்ட ஒரு வார்த்தையும் சொல்லாதீங்க. நீங்க இதுவரைக்கும் சொன்னத நான் கேக்காத மாதிரி." எழுதின தாளை என் பக்கம் நகர்த்தினார். "இத நீங்களே கொண்டு போயிருங்க. வேற வக்கீலப் பாருங்க. நாளைக்கு நாளான்னைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. சீக்கிரம் பாருங்க."

வாசல் வரைக்கும் கூடவே வந்தார். நான் படியிறங்கித் திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே நின்றார். சாவு நடந்த துஷ்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்களைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு.

பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னென்னவோ நினைத்தேன். கொழுந்தன் அவ்வளவு பெரிய ஆளா? அவர் பெயரைக் கேட்டால் ஒரு வக்கீலே பயப்படுவாரா? வீட்டுக்காரரும் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை. தாளை வாங்கிப் பார்த்தார். நின்றுபோன எழுத்துகளை விரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே பெரியதாழையிலிருந்து பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. ரோஸ் நிறம். பிள்ளையின் பெயரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பெட்டி.

பிள்ளை அதை வீட்டுக்குள் ஒரு தடவை உருட்டிப் பார்த்தாள். பிறகு, "இதுல என்ன வைக்கணும் பெரிம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வைக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில தள்ளி விடு."

தள்ளிவிட்டாள். துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தம் எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். அப்பா போன நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வாள். அன்று ஊதினபோது நிலையைப் பிடிக்காமல் கட்டிலுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வக்கீலைக் காட்டியது பள்ளிக்கூட வாசலில் நிற்கிற ஒரு காயல்பட்டணத்துத் தாய். அவள் வீட்டுக்காரர் சவுதியில் இறந்தபோது மகளுக்காக இதே மாதிரி அலைந்தவள். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, அவர்கள் ஊரில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, "அழுதா அல்லா கேப்பான் லாத்தா, ஜட்ஜ் கேக்க மாட்டாரு. வாங்க எங்கூட" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அது ஒரு மருந்துக் கடைக்கு மேலே சின்ன அறை. வக்கீலம்மாவுக்கு என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். வேகமாகப் பேசுகிற பெண்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, டைப் அடித்த தாளையும் பாதியில் நின்ற தாளையும் எடுத்து வைத்தேன். முத்திரைத்தாளை ஒதுக்கிவிட்டாள். இரண்டாவது தாளைக் கையில் எடுத்தாள்.

"இது யாரு எழுதுனது?"

சொன்னேன்.

"எந்த இடத்துல நிறுத்துனாரு?"

"தம்பி பேரச் சொன்னேன். பாதி எழுதும்போதே பேனாவ மூடிட்டாரு."

வக்கீலம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, கொழுந்தனின் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு, கோர்ட்டு வழக்குகளைத் தேடுகிற பக்கத்தில் அடித்தாள்.  காயல்பட்டணத்துத் தாய் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். நான் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஏற்கெனவே கேஸ் நடக்குது. இந்தப் பிள்ளைக்குத் தன்னைக் கார்டியனாப் போடணும்னு அவர் பெட்டிஷன் போட்டு நாலு மாசம் ஆச்சு. வர்ற வியாழக்கிழமை ஆர்டருக்கு வச்சிருக்காங்க. அவருக்கு ஆஜராகுற வக்கீல் யாரு தெரியுமா? ஒங்களுக்குத் தண்ணி கொடுத்தாரே, அவர்தான்."

 அவர் பயந்து பேனாவை மூடவில்லை. எதிர்ப்பக்கத்து ஆள் தன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பிக்கிறாள் என்று தெரிந்து, மேற்கொண்டு கேட்பது நியாயமில்லை என்றுதான் மூடியிருக்கிறார். சீக்கிரம், சீக்கிரம் என்று அவர் சொன்னது இப்போதுதான் விளங்கியது. வியாழனுக்கு ஆறு நாள் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு புதுநன்மை.

"எனக்கு ஒரு நோட்டீஸும் வரலியேம்மா."

"அதான் எனக்கும் புரியல. தாய்வழி ஆளுக்குச் சொல்லாம முடிக்க மாட்டாங்க. கேஸ் கட்டப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

திங்கட்கிழமை அவள் கோர்ட்டில் கட்டைப் பார்த்து நகல் வாங்கி வைத்திருந்தாள். ஒரு பக்கத்தை என் முன்னால் விரித்தாள்.

"இது ஒங்க கையெழுத்தா?"

என் கையெழுத்துதான். அதற்குக் கீழே, என் கையாலேயே, கொஞ்சம் பெரிய எழுத்தில், "ஞானத்தாய்" என்று எழுதியிருந்தேன்.

தங்கையின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தன் அந்தத் தாளைக் கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் அடித்திருந்தது. "பிள்ளைக்கு ஞானத்தாய் நீங்கதானேக்கா. ஒங்க கையெழுத்து இல்லாமப் பிள்ளைக்கு ஒண்ணும் செய்யக் கூடாதுல்லா" என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது எழுதவே கூசுகிறது. கறிக் குழம்புக் கையைக் கழுவிவிட்டு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, அழகாகக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் போதாது என்று நினைத்து ஞானத்தாய் என்றும் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"பிள்ள அவங்ககூடதான் பெரியதாழையில இருக்கு, அவர் கார்டியனா இருக்க எனக்குப் பரிபூரண சம்மதம்னு எழுதியிருக்கு."

வக்கீலம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நகர்த்தினாள். நான் பேனாவைத் தொடவில்லை. அவளே புரிந்துகொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துச் சொன்னாள். அப்புறம்தான் போட்டேன். வெறும் கையெழுத்து.

வியாழக்கிழமை கோர்ட்டில் வக்கீலம்மா பள்ளிக்கூட வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, வேதபாட வகுப்புப் பதிவு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை இங்கேதான் இருக்கிறது என்று சிஸ்டரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் அந்தப் பெரியவர் எழுந்து நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜட்ஜம்மா, சம்மதம் கொடுத்துவிட்டு இப்போது ஏன் மாற்றுகிறார் என்று கேட்டார்கள். படிக்காமல் போட்டார் என்று வக்கீலம்மா சொன்னாள். அந்த வார்த்தையை அத்தனை பேர் முன்னால் கேட்டுக்கொண்டு நின்றேன். "திங்கட்கிழமை பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. நான் பிள்ளைகிட்டப் பேசணும்" என்றார்கள் ஜட்ஜம்மா. திங்கட்கிழமை என்றால் புதுநன்மைக்கு மறுநாள். கொழுந்தன் சொன்ன அதே நாள்.

வெளியே வந்ததும் கொழுந்தன் எனக்கு எதிரே வந்தார். கோபமே இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேக்கா" என்றார். "நீங்களும் சொல்லிருக்கலாமே தம்பி" என்றேன். "பாப்போம். மாதா பாத்துக்கிடுவா" என்று போய்விட்டார். அந்த மாதாவைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பிள்ளைகள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற முதல் பாவசங்கீர்த்தனம். பிள்ளைக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, "வாசிக்காமக் கையெழுத்துப் போட்டேன் சாமி" என்றேன். அது பாவமில்லை, கவனக்குறைவு என்றார் சாமியார். "பெருமையிலதான் சாமி போட்டேன்" என்றேன். அதற்கு மட்டும் மூன்று அருள்நிறை சொல்லச் சொன்னார்.

ஞாயிறு பூசை நன்றாகத்தான் நடந்தது. வெள்ளைக் கவுனில், தலையில் பூ வளையத்தோடு, கையில் மெழுகுவர்த்தியோடு பிள்ளை நடந்து போனாள். பெரியதாழைக்காரர்கள் இரண்டாவது பெஞ்சில் இருந்தார்கள். போட்டோ எடுக்கும்போது கொழுந்தன் மனைவி பிள்ளையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையை நான் பிடித்திருந்தேன். போட்டோக்காரர், "சிரிங்க, எல்லாரும் துஷ்டி வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கீங்க" என்றார்.

வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு பிள்ளையைத் தேடினேன். உள்ளறையில் இருந்தாள். ரோஸ் பெட்டி கட்டிலுக்கு மேலே திறந்து கிடந்தது. இரண்டு பள்ளிக்கூட யூனிபார்ம், தங்கையின் சேலை ஒன்று, ஜெபமாலை, கணக்குப் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைக் கவுனை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, என்ன செய்த?"

"நாளைக்குப் போணும்லா பெரிம்மா."

"யாரு சொன்னா போணும்னு?"

அவள் நிமிர்ந்தாள். அழவில்லை. "நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்கல்லா. அம்மா பூசைக்கு வந்தப்ப. நான் ஒங்க பக்கத்துலதான் நின்னேன். என்ன பேப்பர் சித்தப்பான்னு கேட்டேன். நீ எங்ககூட வாரதுக்குன்னு சொன்னாவ. நீங்க சிரிச்சிட்டே போட்டீங்க."

நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நான் கை கழுவப் போன நேரத்தில் கேட்டிருக்கிறாள். பெரிய பிள்ளை மாதிரி அத்தனை மாதமும் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, என் வீட்டில் சாப்பிட்டு, என் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபம் சொல்லி, இந்த நாளுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியலம்மா" என்றேன். அதைத் தவிர சொல்வதற்கு உண்மை வேறு இல்லை. "அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாமப் போட்டுட்டேன்."

 அவள் கவுனை எடுத்து வெளியே வைத்தாள். மற்றதை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஜட்ஜம்மா தன் அறைக்குள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் ஒரு நுனியில் நான், மறு நுனியில் கொழுந்தன். இரண்டு பேர் கையிலும் ஜெபமாலை. அந்தப் பெரிய வக்கீல் தூரத்தில் தூணருகே நின்றார். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கதவு திறந்தபோது என் கையை வந்து பிடித்தாள், அவ்வளவுதான். வழக்கு முடிகிறவரைக்கும் பிள்ளை எங்களிடமே இருக்கட்டும், ஊரை விட்டு யாரும் கூட்டிப் போகக் கூடாது என்று உத்தரவு ஆயிற்று. கொழுந்தன் லீவு முடிந்து போய்விட்டார். வழக்கை விடவில்லை. வாய்தா தேதிக்கு முந்தின நாள் மறக்காமல் போன் பண்ணுவார். "ஏசுவுக்குப் புகழ் அக்கா. பிள்ள நல்லாருக்காளா?"

கவுன் விளிம்பைப் போன மாதம்தான் பிரித்து விட்டேன். அந்தப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் அவள் என் கையிலிருந்து வாங்கி, கட்டிலுக்கு அடியில் பழைய இடத்திலேயே தள்ளிவிட்டாள்.

"இருக்கட்டும் பெரிம்மா. தீர்ப்பு வரட்டும்."